போகிற வழி மட்டும்

நான் பார்த்த வேலை என்னவென்று திண்டுக்கல்லில் ஒருவருக்கும் விளங்கும்படி என்னால் சொல்ல முடிந்ததே இல்லை. "இன்டர்நெட் கம்பெனியில இருக்கேன்" என்றால், "பஸ் ஸ்டாண்டு பக்கம் தடுப்புத் தடுப்பா பலகை அடிச்சு வச்சிருக்கானே, அங்கயா?" என்று கேட்பார்கள். அது பிரவுசிங் சென்டர். அதற்கு லைன் கொடுக்கிறவர்கள் நாங்கள் என்று சொன்னால், "அப்ப போஸ்ட் கம்பத்துல ஏறுவியா?" என்பார்கள். அதற்குமேல் விளக்கும் பொறுமை எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் எங்கள் லைன் போகாத இடம் குறைவு. நத்தம் சாலைக் கல்லூரிகள், வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்கள், ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைகள், பழனி லாட்ஜுகள், ஊரில் இருந்த பிரவுசிங் சென்டர்களில் பாதி. இத்தனைக்கும் வெளியுலகத்துக்குப் போக எங்களிடம் இருந்தவை இரண்டே வாசல்கள். ஒன்று மதுரை வழியாக, இன்னொன்று திருச்சி வழியாக. யாருடைய போக்குவரத்து எந்த வாசல் வழியே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பொறியியல் படித்துவிட்டு நான் செய்தது ஊருக்கு வழி சொல்வது.

நான் சொல்லாவிட்டாலும் ரூட்டர் தானாக ஒரு வழியை எடுத்துக்கொள்ளும். அது பார்ப்பது ஒன்றைத்தான்: போய்ச் சேர எத்தனை கம்பெனிகள் கை மாற வேண்டும். எந்த வழியில் கை குறைவோ அந்த வழி. அந்தக் கைகளில் ஒன்று அரைத் தூக்கத்தில் இருக்கிறதா, நெரிசலில் மூச்சு முட்டுகிறதா என்றெல்லாம் அது கேட்காது. பழனிக்குப் போக நேர் பஸ் இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்து, அது ஒவ்வொரு விலக்கிலும் நின்று நின்று போவதைப் பார்த்து நொந்துகொள்கிறவர்களுக்கு இது புரியும்.

என் அக்கா குவைத்தில் நர்ஸாக இருந்தாள். அத்தான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வேலை நிரந்தரமாகிவிடும் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஆகவில்லை. பாப்பா தவழத் தொடங்கியிருந்த சமயம் அக்காவுக்கு ஆர்டர் வந்தது. இரண்டு வருஷம் முடிந்தால்தான் லீவு. பிள்ளையை அத்தானும் நானும் பார்த்துக்கொள்வதென்று முடிவானது. ஒரே தெருவில் வீடு. காலையில் அத்தான், சாயங்காலம் நான், நடுவில் பக்கத்து வீட்டுப் பாட்டி.

அக்காவுக்கு ஒரே ஒரு பயம்தான். லீவில் வந்து இறங்கும்போது பிள்ளை தன்னை யாரோ என்று பார்த்து அத்தானின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. அவளோடு வேலை பார்த்த ஒருத்திக்கு அப்படி நடந்திருக்கிறது. "என் புள்ள என்னைய அடையாளம் தெரிஞ்சுக்கணும்டி. அம்புட்டுத்தான். வேற எதுவும் நான் கேக்கல" என்று போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இன்டர்நெட் கம்பெனியில் இருக்கிற தங்கச்சி, இதைக்கூடச் செய்ய மாட்டாளா? எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் எங்கள் ஊரில் வளைகுடாவில் ஆள் இருக்கிற குடும்பங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு சடங்கு உண்டு. சாப்பிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டு, பிள்ளைகளுக்கு நல்ல சட்டை மாட்டி பிரவுசிங் சென்டருக்குக் கிளம்புவார்கள். கன்னிவாடியிலிருந்தும் கொடைரோட்டிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்கு மணி அடித்தால் பாதிப் பேர் எழுந்து கோயிலுக்கு ஓடுவார்கள், மீதிப் பேர் பாவத்தை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் மட்டும் பிரவுசிங் சென்டருக்குப் போவதில்லை. ஆபீஸில் என் மேஜையிலேயே கேமராவை மாட்டிவைத்து, பள்ளிக்கூடத்தில் மதியம் மட்டும் அனுமதி வாங்கி வருகிற அத்தான் மடியில் பாப்பாவை உட்கார வைத்துவிடுவேன். ஊருக்கே லைன் பிரிகிற இடம் அது. அதைவிட நல்ல இடம் ஜில்லாவிலேயே கிடையாது.

அந்த நல்ல இடத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் தீப்பெட்டி அளவுப் படத்தில் அக்காவின் முகத்தைத் தேடினோம். படம் வரும், நிற்கும். வாயைத் திறந்தபடி நின்றால் திறந்தபடியே இருக்கும். குரல் செத்த நேரம் கழித்து வரும். ஒருத்தர் பேசி முடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்; அவசரப்பட்டால் இரண்டு பேச்சும் முட்டிக்கொண்டு இரண்டும் போய்விடும். "தெரியுதா? கேக்குதா?" என்பதிலேயே பாதி நேரம் கழியும். பாப்பாவோ, பேச்சு வந்த நாளிலிருந்து, குறுக்கே குறுக்கே பேசுவாள். "சொல்லிட்டு நிறுத்தணும் தங்கம்" என்று அத்தான் அவள் வாயில் விரலை வைப்பார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா தங்கியிருந்த ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ் எந்தக் கம்பெனி லைனில் இருக்கிறதென்று கண்டுபிடித்து, அதற்குப் போகிற வழியை என் கையாலேயே மதுரையிலிருந்து எடுத்துத் திருச்சிக்கு மாற்றினேன். வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

"ஏண்டி, பாப்பா சட்டையில மேல் பொத்தானக் காணோமே, பாக்க மாட்டியா?" என்றாள் அக்கா.

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பொத்தான் வரைக்கும் தெரிகிறது! ஆனால் எங்கள் பக்கத்துப் படத்தில் அக்கா பழையபடி வாயைத் திறந்தபடியே நின்றாள். அவளுக்குப் பிள்ளை தெரிந்தது. பிள்ளைக்கு அவள் தெரியவில்லை.

படித்த படிப்பில் இருந்ததுதான், மண்டையில் உறைத்தது அன்றைக்குத்தான். இங்கிருந்து போகிற வழியைத்தான் நான் தேர்ந்தெடுக்க முடியும். அங்கிருந்து வருகிற வழியைத் தேர்ந்தெடுப்பது அங்கே இருக்கிறவன். அவன் ரூட்டரும் கைகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். அவனுக்கும் எனக்கும் நடுவே எத்தனையோ பேர். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. வேண்டுமானால் "இந்தப் பக்கமாக வாருங்களேன்" என்று குறிப்புக் காட்டலாம். மதிப்பதும் மதிக்காததும் அவர்கள் இஷ்டம். என் குறிப்பை யாரும் மதிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி, வழிகளைத் தானே அளந்து பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுக்கிற கருவி ஒன்றை வாங்குவதென்று முடிவெடுத்தார். முதலாளி ஒட்டன்சத்திரத்துக்காரர். கேபிள் டிவியில் தொடங்கி இன்டர்நெட்டுக்கு வந்தவர். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷன், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். மில்காரர்களும் கல்லூரிக்காரர்களும் காலையில் லைன் இழுக்கிறது என்று புகார் சொல்லிச் சொல்லி அவர் நொந்துபோயிருந்தார். எனக்கு என் காரணம். வருகிற வழி அதன் கையிலும் இல்லை என்று தெரிந்தும், கருவி வந்தால் அக்கா முகம் அசையும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

மூன்று கம்பெனிகள் வந்தன. முதல் கம்பெனி ஆள் சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து, சுவரில் படம் காட்டி, எங்களுக்குத் தேவைப்படாத ஊர்களைப் பற்றியெல்லாம் பேசினார். அவர் சொன்ன விலையைக் கேட்டு முதலாளி மரியாதையாக மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாவது வெறும் மென்பொருள். வந்தவர் சரியாகத் தூங்காதவர்போல இருந்தார், பேச்சும் சுவாரசியமில்லை. ஆனால் எந்தெந்த இடங்களைக் கவனிக்க வேண்டும் என்று அதற்கு நாமே சொல்லிக்கொடுக்கலாம். கூட்டம் இல்லாத இடமாக இருந்தாலும் பரவாயில்லை, சொன்னால் கவனிக்கும். தினமும் யாராவது உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது ஒரு பெட்டி. மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்றார்கள். எங்கே அதிகப் போக்குவரத்தோ அந்த இடங்களைத் தானாகவே பார்த்துக்கொள்ளுமாம். முன்னால் அழகாக ஒரு பச்சை விளக்கு.

பின்னிரண்டையும் சில வாரங்கள் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அளப்பதற்கு நான் வகைவகையாக வரைபடம் எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி அவற்றைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம் கேபிள் டிவி காலத்து அளவுகோல் ஒன்று இருந்தது.

"போன் அடிக்குதான்னு பாருங்க அம்மிணி. போன் அடிக்கலீன்னா லைன் நல்லா இருக்குதுன்னு அர்த்தமுங்க."

கேபிளில் அது சரிதான். சீரியல் நேரத்தில் படம் போனால் ஊரே போனைத் தூக்கும். ஆனால் வெள்ளிக்கிழமைக் குடும்பங்கள் யாரும் எங்களுக்குப் போன் செய்ததில்லை. எங்களைப் போல ஒரு கம்பெனி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பிரவுசிங் சென்டர்காரர்களும் சொல்ல மாட்டார்கள். படம் நின்று நின்று வந்தால் உட்காருகிற நேரம் கூடுகிறது, அவர்களுக்கென்ன நஷ்டம்? சோதனை நடந்த ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துச் சென்டரில் லைனைப் பார்க்கப் போயிருந்தேன். கன்னிவாடிப் பக்கத்து அம்மா ஒருத்தி, நின்றுபோன மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நேரமா நிக்குதாம்மா?"

"அங்கிட்டு மணல் காத்தாம்ல. அதான் படம் நின்டுபோச்சு."

"காத்தெல்லாம் இல்லம்மா, லைன்தான் சரியில்ல. நீங்க போன் போட்டுப் புகார் சொல்லலாமுல்ல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்குத் தாயி போடச் சொல்ற? காத்துக்கா?"

சோதனை முடிந்தது. மென்பொருள் ஓடிய நாட்களில் முதலாளி மேஜைப் போன் அவ்வப்போது அடித்தது. பெட்டி ஓடிய நாட்களில் அடிக்கவே இல்லை. நான் வாதாடினேன். வெள்ளிக்கிழமைகளைச் சொன்னேன், மணல் காற்று அம்மாவைச் சொன்னேன். அக்காவைச் சொல்லவில்லை; சொந்தக் காரியத்துக்காகப் பேசுகிறாள் என்றாகிவிடும்.

"ஏனுங்க அம்மிணி, மில்லுக்காரரு போன் பண்ணுனாருங்களா? இல்லீங்க. காலேஜு? இல்லீங்க. அப்புறம் என்னங்க?" என்று சிரித்தார். பெட்டி வந்துவிட்டது. பூ வைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் ரேக்கில் ஏற்றினார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, இருந்தும் பொட்டு வைக்கும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார் முதலாளி. வைத்தேன்.

காலை வேளைகளில் அந்தப் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாரம் முழுக்க வளைகுடாப் பக்கம் போக்குவரத்தே இருக்காது. பெட்டியின் கண்ணுக்கு அப்படி ஒரு திசை இருப்பதே தெரியாது. வெள்ளிக்கிழமை மதியம் திடீரென்று ஊரே அந்தப் பக்கம் திரும்பும். பெட்டி விழித்துக்கொள்ளும். மதுரை வழி மோசம் என்று கண்டுபிடித்து மொத்தக் கூட்டத்தையும் திருச்சிப் பக்கம் தள்ளும். உடனே திருச்சி வழி அடைத்துக்கொள்ளும். மறுபடி மதுரைக்குத் தள்ளும். வாசல் மாறுகிற ஒவ்வொரு தடவையும் எல்லாருடைய பேச்சும் அறுந்துபோகும். முன்பு படம் நின்றது. இப்போது ஆளே போய்விடுவாள். பாப்பா "அம்மா" என்பாள், திரை கறுத்துவிடும்.

வாரக் கடைசியில் அந்தப் பெட்டி ஓர் அறிக்கை அனுப்பும். மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் எங்களைப் பந்தாடிய ஒவ்வொரு தடவையையும் ஒரு முன்னேற்றம் என்று அதில் எண்ணியிருக்கும்.  வளைகுடாவைத் தொடாதே என்று அதனிடம் சொல்ல முடியுமா என்று பெட்டி விற்ற கம்பெனியைக் கேட்டேன். அடுத்த பதிப்பில் அந்த வசதி வரும் என்றார்கள். அந்தப் பதிப்பை என் கண்ணால் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் பெட்டியின் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். செத்த நேரத்தில் முதலாளி மேஜைப் போன் அடித்தது. மில். போனை வைத்துவிட்டு முதலாளி என் அறைக்கு வந்தபோது, அத்தான் மடியில் பாப்பா, திரையில் வாய் திறந்தபடி அக்கா. அவர் கோபமாகத்தான் வந்தார். அந்தக் காட்சியைப் பார்த்ததும் அப்படியே திரும்பினார். தன் அறைக்குப் போய் ஒரு சிறுமலை வாழைப்பழத்தை எடுத்து வந்து பாப்பா கையில் கொடுத்தார்.

"அம்மாங்களா கண்ணு?"

பாப்பா திரையைக் காட்டித் தலையாட்டினாள்.

"ஏனுங்க அம்மிணி, இது நம்ம லைனுங்களா?"

"நம்ம லைன்தான் சார்."

அவருக்கு அது அவமானமாக இருந்தது. போன் செய்தால் நடக்காத காரியம் இல்லை என்று வாழ்ந்த மனிதர். உடனே சென்னைக்குப் போன் போட்டார். எங்களுக்குத் திருச்சி லைன் கொடுக்கிற கம்பெனியின் ஆளைப் பிடித்து, தன் மகன் வயசுக்காரனிடம் ஏனுங்க, வாங்க, போங்க என்று கெஞ்சாத குறையாகப் பேசினார். அந்த ஆள் பூசி மெழுகிய பதில் எனக்கும் கேட்டது. வருகிற வழியை முடிவு செய்வது அவர்கள் இல்லையாம், மும்பையில் ஒரு கம்பெனியாம். மும்பையைக் கேட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியாம். முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனி யாருக்குங்க போன் பண்றது?"

 கேபிளைத் திரும்ப மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதுவும் செய்ய முடியாத ஒன்றை வாராவாரம் பார்த்துக்கொண்டிருப்பது என்ன மாதிரி வேதனை என்று எனக்கு அப்போது தெரிந்தது. வேறு வேலையில் இருந்திருந்தால் நானும் மணல் காற்று என்று நம்பியிருப்பேன். அது எவ்வளவோ தேவலை.

இரண்டு வருஷம் முடிந்தும் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாற்று நர்ஸ் வரவில்லை என்று ஆஸ்பத்திரி தள்ளிப்போட்டது. "வரதுக்கு நாள் குறிக்கிறது நம்ம கையிலயாடி இருக்கு" என்று அவள் சொன்னது, அவள் வாய் அசையாத படத்துக்குப் பின்னாலிருந்து கேட்டது. அதற்குள் பாப்பா நடந்தாள், ஓடினாள், வாய் ஓயாமல் பேசினாள். அத்தான் அக்காவின் கல்யாண போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார். தினமும் அதற்கு முன்னால் நிறுத்தி இது யார், இது யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சரியாகச் சொன்னால் ஒரு முத்தம்.

கடைசியில் ஒருவழியாக லீவு கிடைத்தது. விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயில் ஏறினாள். விடிகாலையில் திண்டுக்கல் ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அத்தான் சவரம் செய்து, வெட்டுக்காயத்தோடு இருந்தார். நான் அத்தானின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளை அதற்குப் பின்னால் போகிறாளா என்று.

போகவில்லை. அக்கா இறங்கியதும் பாப்பா விரலை நீட்டி, "அம்மா" என்றாள். அக்கா பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"சாப்டியா தங்கம்?"

பாப்பா பதில் சொல்லவில்லை. வெட்கமில்லை, பயமில்லை. அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அம்மா சொன்னது வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறாள். அளவு பிசகாமல் அந்தச் செத்த நேரம் கழித்து, "சாப்டேன்" என்றாள். அதோடு நிற்கவில்லை. "கேக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாள். அக்காவும் உடனே பேசவில்லை. அவளுக்கும் பழகியிருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடி பேசாமல் இருந்தார்கள். மதுரையிலும் திருச்சியிலும் நான் குறைத்துப் பார்க்க முயன்று தோற்ற அந்த இடைவெளி எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. நான் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். அங்கே நின்றால் அழுதிருப்பேன்.

லீவு பாதி போவதற்குள் அது சரியாகிவிட்டது. அக்கா வாயெடுப்பதற்குள் பாப்பா பதில் சொன்னாள், குறுக்கே குறுக்கே பேசினாள், அதட்டினால் அழுதாள், அழுதுகொண்டே பேசினாள். வீடே இரைச்சலாக இருந்தது. அக்கா எதற்கும் அதட்டவில்லை. "பேசட்டும் விடுடி" என்று என்னைத்தான் அதட்டினாள். லீவு முடிந்து திரும்பிப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தானுக்குப் பள்ளிக்கூடத்தில் அனுமதி கிடைக்கவில்லை. நான்தான் பாப்பாவை மடியில் வைத்திருந்தேன். அக்கா முகம் தீப்பெட்டி அளவில் வந்தது, நின்றது. பாப்பா விடாமல் பேசினாள். பூனைக்குட்டியைப் பற்றி, சட்டையைப் பற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக. அந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் ஏதோ பேசினாள். இரண்டும் முட்டிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பாப்பா இன்னும் சத்தமாகப் பேசினாள். திரும்பி என்னைப் பார்த்தாள், நான் எதையாவது சரிசெய்வேன் என்று.

நான் அவள் வாயில் விரலை வைத்தேன்.

"சொல்லிட்டு நிறுத்தணும் தங்கம். நிறுத்திட்டு, செத்த நேரம் பேசாம இருக்கணும்."

அவள் கெட்டிக்காரி. அந்த ஒரு மதியத்திலேயே திரும்பக் கற்றுக்கொண்டாள்.